நாய்க்குட்டிக்கும் வேண்டும் ஒரு கொடாப்பு... சங்கிலிக்கு முன் கூண்டைப் பழக்குங்கள்!

கோழிக்குஞ்சுக்குப் பஞ்சாரம் இருக்கிறது. ஆட்டுக்குட்டிக்குக் கொடாப்பு இருக்கிறது. கன்றுக்குட்டிக்குத் தொழுவத்தில் தனி மூலை இருக்கிறது. ஆனால், ஊர் ஊராக அலைந்து, நல்ல விலை கொடுத்து வாங்கி வரும் ராஜபாளையம் குட்டிக்கோ, சிப்பிப்பாறைக் குட்டிக்கோ தோட்டத்து வீட்டில் தனக்கென்று ஓர் இடம் பெரும்பாலும் இருப்பதில்லை. திண்ணையில் ஒரு சாக்கை விரித்துப் போட்டால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள்.

தாயையும் கூடப் பிறந்த குட்டிகளையும் பிரிந்து வந்த குட்டி, முதல் நாள் இரவு முழுக்கக் கத்துகிறது. இரண்டாம் நாள் செருப்பைக் கடித்துக் குதறுகிறது. மூன்றாம் நாள் அடுப்படியில் அசிங்கம் செய்கிறது. நான்காம் நாள் கழுத்தில் கயிறு ஏறுகிறது. ஒரே மாதத்தில் கயிறு சங்கிலியாகிறது. அதன்பிறகு மாட்டுக் கொட்டகைத் தூணைச் சுற்றியுள்ள ஆறடி வட்டம்தான் அதன் உலகம்.

ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், பால் கறக்க வருபவரை நெருங்க விடாத நாயாக, பந்தை எடுக்க ஓடிய பிள்ளையைக் கடிக்கும் நாயாக, தடுப்பூசி போடக்கூட யாராலும் பிடிக்க முடியாத நாயாக அது நிற்கிறது. ‘குட்டி சரியில்லை, ஏமாந்துவிட்டோம்’ என்று பேச்சு வருகிறது. பெரும்பாலும் குட்டியில் குறை இருப்பதில்லை. வீட்டுக்கு வந்த முதல் மூன்று, நான்கு வாரங்களில் அதற்கு எதைப் பழக்கினார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அந்த நாள்களில் பெரிய செலவில்லாமல் செய்யக்கூடிய ஒரு வேலை, குட்டியைக் கூண்டுக்குப் பழக்குவது. நகரங்களில் இதை ‘கிரேட் டிரெயினிங்’ என்கிறார்கள். பெயர்தான் புதிது. குட்டியைக் காப்பதற்காகக் கொஞ்ச நேரம் மூடி வைக்கும் கொடாப்பின் வேலையைத்தான் இதுவும் செய்கிறது.

கூண்டு சிறையா, வீடா?

‘பாவம், குட்டியைப் போய் கூண்டில் அடைப்பதா?’ என்ற கேள்வி பல வீடுகளில் எழும். நாயின் இயல்பைக் கவனித்தால் பதில் கிடைக்கும். தெருவில் திரியும் பெண் நாய்கூட, குட்டி போடும் நேரத்தில் வைக்கோல் போருக்கு அடியிலோ, பாலத்துக் குழாய்க்குள்ளோ, மண்ணைப் பறித்தோ ஒரு பொந்தைத் தேடிக்கொள்ளும். மூன்று பக்கம் மறைவாக, ஒரு பக்கம் வாசலாக இருக்கும் இடத்தில்தான் நாய்க்கு நிம்மதியான தூக்கம் வரும். மூன்று வார வயதைத் தாண்டியதும் குட்டிகள் படுக்கும் இடத்தை விட்டுத் தள்ளிப்போய் சிறுநீர் கழிக்கத் தொடங்கிவிடும். ‘படுக்கும் இடத்தை அசிங்கம் செய்யக் கூடாது’ என்ற இந்தப் பிறவிக் குணத்தைப் பிடித்துக்கொண்டுதான் கூண்டுப் பழக்கமே நடக்கிறது.

ஆனால் ஒன்று. குட்டியைத் தூக்கி உள்ளே போட்டுத் தாழ்ப்பாள் போட்டால் அது சிறைதான். தானாக உள்ளே போய்ப் படுக்கும்படி பழக்கினால் அது வீடு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கூண்டில் இல்லை. பழக்குபவரின் பொறுமையில் இருக்கிறது.

தோட்டத்து வீட்டில் இதனால் என்ன பயன்?

பட்டணத்து வீட்டைவிடத் தோட்டத்து வீட்டில்தான் குட்டிக்கு ஆபத்துகள் அதிகம். எலிக்கு வைத்த விஷம், மிச்சம் வைத்த குருணை மருந்து, மருந்து தெளித்த கேன், பின்பக்கமாக வரும் டிராக்டர், மூடாத கிணறு... எதுவும் இரண்டு மாதக் குட்டிக்குத் தெரியாது. கவனிக்க ஆள் இல்லாத அரை மணி நேரத்தில்தான் இவை நடக்கின்றன. அந்த அரை மணி நேரத்துக்கானதுதான் கூண்டு.

மலையடிவாரத்துத் தோட்டங்களில் சிறுத்தைப் பயமும் உண்டு. மகாராஷ்டிராவின் அகோலே பகுதியில், கரும்பு வயல்களுக்கு நடுவே வாழும் சிறுத்தைகளைப் பற்றி நடந்த ஆய்வில், அவற்றின் இரையில் பெரும்பங்கு நாய்கள் என்று தெரியவந்தது. நீலகிரி, வால்பாறை, சத்தியமங்கலம் பகுதி மக்களுக்கு இது புதிய செய்தி இல்லை. வாசலில் சங்கிலியில் கட்டிய நாயால் ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது. இரவில் வீட்டுக்குள் இருக்கும் கூண்டில் படுக்கப் பழகிய நாய் பிழைக்கும்.

இன்னொரு பயன், வைத்தியம். கூண்டுக்குப் பழகிய நாயை ஆட்டோவிலோ, மினி லாரியிலோ ஏற்றி கால்நடை மருந்தகம் கொண்டுபோவது சுலபம். கால் முறிவு, கருத்தடை அறுவை சிகிச்சை என்று வந்தால் பத்து நாள் ஓரிடத்தில் அமைதியாக வைத்திருக்க முடியும். யாரையாவது கடித்துவிட்டால், வெறிநோய் அறிகுறி வருகிறதா என்று 10 நாள் தனியாக வைத்துக் கண்காணிக்க வேண்டும். கூண்டே பார்த்திராத நாயை அப்போது அடைத்தால், அது படும் பாடும் வீட்டார் படும் பாடும் சொல்லி மாளாது.

எட்டு வாரத்துக்கு முன் குட்டி வேண்டாம்

பழக்குவதற்கு முன்னால் வாங்கும் வயதைப் பார்க்க வேண்டும். 30 நாள், 35 நாள் குட்டியை ‘இப்போதே எடுத்துப் போனால்தான் ஒட்டும்’ என்று சொல்லி விற்கிறார்கள். அது தவறு. 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளின்படி, 8 வாரம் நிறைவடையாத குட்டியை விற்கக் கூடாது. சட்டத்தைத் தாண்டி இதில் ஒரு காரணமும் உண்டு. கூடப் பிறந்த குட்டிகளோடு உருண்டு புரண்டு விளையாடும்போதுதான், ‘இவ்வளவு அழுத்திக் கடித்தால் எதிராளிக்கு வலிக்கும்’ என்பதைக் குட்டி கற்கிறது. அதற்கு முன் பிரித்தெடுத்த குட்டிக்கு வாய் அடங்காது.

வாயைத் திறந்து பாருங்கள். 8 வாரக் குட்டிக்கு 28 பால் பற்களும் முளைத்திருக்கும். கடைவாய்ப் பக்கம் வெறும் ஈறாக இருந்தால் வயது குறைவு.

வெள்ளை ராஜபாளையம் குட்டி வாங்குபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இந்த இனத்தில் பிறவியிலேயே காது கேளாமை சில குட்டிகளுக்கு வருவதுண்டு. குட்டி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, காற்று படாத தூரத்தில் பின்னால் நின்று கை தட்ட வேண்டும். தூங்கும் நேரத்தில் ஒரு தட்டைத் தட்டியும் பார்க்கலாம். காது அசையாமல், தலை திரும்பாமல் இருந்தால் சந்தேகம்தான். கூப்பிட்டால் வராத குட்டியைத் ‘திமிர் பிடித்தது’ என்று அடிப்பவர்கள் பலர். உண்மையில் அதற்குக் காது கேட்காமல் இருக்கலாம். அப்படிப்பட்ட குட்டியையும் கைச் சைகை காட்டிப் பழக்க முடியும்.

கூண்டு எப்படி இருக்க வேண்டும்?

குட்டி தலை இடிக்காமல் நிற்க வேண்டும், ஒரு சுற்றுச் சுற்றித் திரும்ப வேண்டும், காலை நீட்டிப் படுக்க வேண்டும். இந்த மூன்றுக்கும் இடம் இருந்தால் போதும். இதைவிடப் பெரிதாக இருந்தால் ஒரு மூலையில் அசிங்கம் செய்துவிட்டு மறு மூலையில் படுத்துக்கொள்ளும். பழக்கம் கெட்டுவிடும்.

அதற்காக வளர வளர நாலு கூண்டு வாங்க வேண்டியதில்லை. வளர்ந்த நாய்க்கான அளவிலேயே ஒன்றைச் செய்து, நடுவே பலகைத் தடுப்பு வைத்து, குட்டி வளர வளரத் தடுப்பைப் பின்னுக்குத் தள்ளலாம். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து, அதோடு 4 அங்குலம் சேர்த்தால் கூண்டின் நீளம். நிற்கும்போது தலை உயரத்தோடு 4 அங்குலம் சேர்த்தால் கூண்டின் உயரம். வளர்ந்த ராஜபாளையம் நாய்க்குச் சுமார் 4 அடி நீளம், 2½ அடி அகலம், 2¾ அடி உயரம் தேவைப்படும். சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை நாய்களுக்கு 3½ அடி நீளம் பெரும்பாலும் போதும்.

கடையில் மடக்குக் கூண்டு கிடைக்கிறது. உள்ளூர் வெல்டிங் பட்டறையில் ஆங்கிள் சட்டத்தில் வெல்டு மெஷ் அடித்தும் செய்துகொள்ளலாம். அப்படிச் செய்யும்போது கவனிக்க வேண்டியவை:

* கம்பி வலையின் கண் ஓர் அங்குலத்துக்கு மேல் வேண்டாம். பெரிய கண்ணில் குட்டியின் தாடையோ காலோ மாட்டிக்கொள்ளும்.
* வெட்டிய கம்பி முனைகள் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.
* அடியில் வெறும் கம்பி வேண்டாம். பலகையோ ரப்பர் மேட்டோ போட்டு, அதன் மேல் பழைய பருத்திச் சேலையை மடித்துப் போடலாம். சணல் சாக்கைக் குட்டி பிய்த்து விழுங்கிவிடும்.
* கோழிக்கூண்டு வலை கூடாது. பல் முளைத்த குட்டி கடித்துப் பிரித்துவிடும்.

கூண்டை வைக்கும் இடம், வீட்டு மனிதர்கள் புழங்கும் அறையின் ஒரு மூலையாக இருக்க வேண்டும். கொட்டகையின் கோடியில் தனியாக வைத்தால் குட்டி பயப்படும். தகரக் கூரை, சிமென்ட் ஷீட் கூரையின் கீழ் கோடையில் வைக்கவே கூடாது. நாய்க்கு மனிதரைப்போல உடம்பெல்லாம் வேர்த்து வெப்பம் வெளியேறாது. நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். சூடான காற்று தேங்கும் இடத்தில் அடைபட்டால் சிறிது நேரத்திலேயே உயிருக்கு ஆபத்து.

பழக்கும் முறை... மூன்று வாரம்

முதல் 3 நாள்: கூண்டுக் கதவைத் திறந்து, ஆடாமல் கயிற்றால் கட்டிவிட வேண்டும். கதவு ‘டமார்’ என்று அடித்துக் குட்டி ஒருமுறை பயந்தால் பிறகு கிட்டப் போகாது. வேகவைத்த ஈரல் துண்டு, முட்டைத் துண்டு என்று சுண்டைக்காய் அளவில் எடுத்து, முதலில் வாசலில், பிறகு நடுவில், பிறகு கடைசியில் போட வேண்டும். குட்டி போகட்டும், எடுக்கட்டும், வெளியே வரட்டும். தள்ளக் கூடாது. உள்ளே போகும்போதெல்லாம் ‘உள்ளே’ என்றோ ‘கூட்டுக்கு’ என்றோ ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். வீட்டில் ஆளுக்கொரு சொல் சொன்னால் குட்டி குழம்பும்.

4 முதல் 7 நாள்: சாப்பாட்டுத் தட்டைக் கூண்டுக்குள்ளே வைக்க வேண்டும். குட்டி தின்னும்போது கதவைச் சாத்தி, தின்று முடித்ததும் திறந்துவிட வேண்டும். மறுநாள், முடித்த பிறகு ஒரு நிமிஷம். அடுத்த நாள் 5 நிமிஷம். அந்த நேரத்தில் ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்து வெங்காயம் உரிக்கலாம், கடலை உடைக்கலாம். குட்டியைப் பார்த்துக் கொஞ்ச வேண்டியதில்லை.

இரண்டாம் வாரம்: விளையாடிக் களைத்த குட்டியை, வெளியே கூட்டிப்போய்ச் சிறுநீர் கழிக்க வைத்துவிட்டுக் கூண்டில் விட வேண்டும். தானே தூங்கிவிடும். இப்போது ஆள் அறையை விட்டு வெளியே போய் வரலாம். 10 நிமிஷம், 20 நிமிஷம், அரை மணி என்று கூட்ட வேண்டும். போகும்போது ‘போய்ட்டு வரேன் கண்ணு’ என்று பெரிய வழியனுப்பு வேண்டாம். வந்ததும் பெரிய வரவேற்பும் வேண்டாம்.

மூன்றாம் வாரம்: பகலில் ஒரு மணி நேரத் தூக்கம் முழுவதும் கூண்டில். கூண்டோடு வண்டியில் ஏற்றிச் சிறிது தூரம் போய் வரவும் பழக்கலாம்.

இந்த நாள் கணக்கு ஒரு வழிகாட்டிதான். குட்டி தயங்கினால் ஒரு படி பின்னால் போய், மறுபடி தொடங்க வேண்டும்.

இரவில் கத்தினால்..?

முதல் ஒரு வாரம் கூண்டைப் படுக்கும் கட்டிலுக்கோ பாய்க்கோ பக்கத்திலேயே வைப்பது நல்லது. மனித வாசனையும் மூச்சுச் சத்தமும் கேட்டால் குட்டி சீக்கிரம் அடங்கும். மூன்று பக்கமும் துணி போட்டு மூடி, ஒரு பக்கம் காற்றுக்கு விட வேண்டும். தாய் படுத்திருந்த இடத்துத் துணி ஒன்றை விற்பவரிடம் கேட்டு வாங்கி வந்து உள்ளே போட்டால் பாதிக் கத்தல் குறையும்.

சிறுநீரை அடக்கும் சக்திக்கு ஒரு கணக்கு உண்டு. குட்டியின் வயது எத்தனை மாதமோ, அதோடு ஒன்றைக் கூட்டினால், அதிகபட்சம் அத்தனை மணி நேரம். 2 மாதக் குட்டி என்றால் 3 மணி நேரம். ஆகவே, இரவு 10 மணிக்கு வெளியே கூட்டிப்போனால், நள்ளிரவு தாண்டி 1 மணிக்கு ஒருமுறை, விடியற்காலை 4 மணிக்கு ஒருமுறை எழுந்துதான் ஆக வேண்டும். பால் கறக்கும் வீட்டில் 4 மணி எழுச்சி பெரிய சிரமமில்லை. குட்டிக்கு 4 மாதம் ஆனதும் இரவில் ஒருமுறை போதும். பிறகு அதுவும் தேவைப்படாது.

தூங்கிக்கொண்டிருந்த குட்டி திடீரென எழுந்து முனகினால், அது வெளியே போக வேண்டும் என்று அர்த்தம். உடனே, விளக்கைப் போட்டு விளையாடாமல், கூட்டிப்போய்க் கொண்டுவந்து விட வேண்டும். வெளியே போய் வந்து, வயிறும் நிறைந்து, சும்மா கத்துகிறது என்றால், ஒரு நொடி நிறுத்தும் வரை காத்திருந்து, நிறுத்தியதும் கதவைத் திறக்கலாம். கத்தும்போது திறந்தால், ‘கத்தினால் கதவு திறக்கும்’ என்ற பாடத்தைத்தான் அது படிக்கும்.

2 மாதக் குட்டிக்கு ஒரு நாள்

* காலை 4.00: வெளியே. பிறகு கூண்டு. பால் கறக்கும் வேலை முடியட்டும்.
* 6.00: வெளியே, சாப்பாடு, மறுபடி வெளியே, விளையாட்டு.
* 7.30 - 9.00: கூண்டில் தூக்கம்.
* 9.00: வெளியே. வீட்டார் கண் பார்வையில் நடமாட்டம்.
* 11.00: சாப்பாடு, வெளியே, பிறகு கூண்டில் ஒன்றரை மணி நேரம்.
* 3.00: சாப்பாடு, வெளியே, மனிதர்கள், மாடுகள், வண்டிச் சத்தம் எல்லாம் காட்டிப் பழக்கல்.
* மாலை 5.00 - 6.00: கூண்டில் ஓய்வு.
* 7.00: கடைசிச் சாப்பாடு, வெளியே, வீட்டாரோடு.
* 10.00: வெளியே, பிறகு இரவுத் தூக்கம்.

தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் என்று மூன்று வேளையும் வெளியே கூட்டிப்போக வேண்டும். ஒரே இடத்துக்குக் கூட்டிப்போய், போன வேலை முடிந்ததும் அங்கேயே ஒரு துண்டு ஈரல் கொடுத்தால், இரண்டு வாரத்தில் வீட்டுக்குள் அசிங்கம் செய்வது பெரும்பாலும் குறைந்துவிடும். வீட்டுக்குள் செய்துவிட்டால் மூக்கை அதில் தேய்ப்பது, அடிப்பது எல்லாம் வீண். ஆள் பார்க்காத இடமாகத் தேடிப்போய்ச் செய்யத்தான் அது பழகும்.

இவற்றைச் செய்யவே கூடாது

* தப்பு செய்ததற்குத் தண்டனையாகக் கூண்டில் அடைப்பது. ஒரே முறை செய்தாலும் மூன்று வார உழைப்பு வீண்.
* கழுத்துப் பட்டையோடு கூண்டில் விடுவது. கம்பியில் மாட்டி இறுக்கிவிடும்.
* பிள்ளைகள் கூண்டுக்குள் கையை விட்டுச் சீண்டுவது. கூண்டில் இருக்கும் நாய் யாருக்கும் விளையாட்டுப் பொருள் இல்லை என்பதைப் பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்ல வேண்டும்.
* வாந்தி, வயிற்றுப்போக்கு இருக்கும்போது பழக்குவது. உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். தடுப்பூசி முடியாத குட்டிக்கு ரத்தமாகக் கழிந்தால் பார்வோ நோயாக இருக்கலாம். ஒரு நாள் தாமதமும் உயிரைப் பறிக்கும்.
* எச்சில் ஒழுக ஒழுக, பல் உடையக் கம்பியைக் கடித்து, உடம்பைக் காயப்படுத்திக்கொள்ளும் நாயை ‘பழகிவிடும்’ என்று விட்டுவைப்பது. அது அடம் இல்லை, பீதி. கூண்டை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் பேச வேண்டும்.

பகல் முழுக்க வயலில் இருப்பவர்கள் என்ன செய்வது?

குடும்பமே காலை 7 மணிக்கு நடவுக்குப் போய் மாலை 5 மணிக்குத் திரும்பும் வீட்டில், கூண்டு மட்டும் தீர்வாகாது. 10 மணி நேரம் கூண்டில் கிடக்கும் நாய்க்கும் சங்கிலியில் கிடக்கும் நாய்க்கும் வித்தியாசம் இல்லை. அப்படிப்பட்டவர்கள் வேப்பமர நிழலில் 10 அடிக்கு 10 அடி கம்பி வேலி அடைப்பு ஒன்று போட்டு, அதற்குள் கூண்டைக் கதவு திறந்தபடி வைத்து, கவிழாத மண்தொட்டியில் தண்ணீர் வைத்துவிட்டுப் போகலாம். குட்டி தூங்கக் கூண்டுக்குள் போகும், மற்ற நேரம் நடமாடும். நடுவில் ஒருவர் வந்து சாப்பாடு வைத்துப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். அதற்கும் வழியில்லை என்றால், வேலை குறைந்த பருவத்தில் குட்டி வாங்குவதே புத்திசாலித்தனம்.

1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவு இரண்டையும் குற்றமாகச் சொல்கிறது. அசைய இடமில்லாத கூண்டில் அடைப்பதும் குற்றம். மிகக் குட்டையான, கனமான சங்கிலியில் நீண்ட நேரம் கட்டிவைப்பதும் குற்றம். எப்போதும் கட்டியோ அடைத்தோ வைக்கும் நாயை நடக்க, ஓட விடாமல் வைத்திருப்பதும் அதே பிரிவில்தான் வருகிறது.

‘வீட்டுக்குள் வளர்த்தால் காவல் காக்குமா?’

இது விவசாயிகள் எல்லோருக்கும் உள்ள சந்தேகம். ‘மனுஷ வாசம் பட்டால் நாய் சோம்பேறி ஆகிவிடும், கட்டிவைத்தால்தான் கோபம் வரும்’ என்ற நம்பிக்கை பல ஊர்களில் உண்டு. கட்டிவைத்த நாய்க்கு வருவது காவல் குணம் இல்லை. விலகிப்போக வழியில்லாததால் வரும் பயம். அந்தப் பயம் திருடனுக்கும், தபால்காரருக்கும், பேரப்பிள்ளைக்கும் வேறுபாடு பார்க்காது.

ராஜபாளையம், கோம்பை போன்ற இனங்களுக்குக் காவல் குணம் பரம்பரையாக வருவது. பருவம் வந்து முதிர்ச்சி அடையும்போது, ஒரு வயதுக்கு மேல், அது தானே வெளிப்படும். ஆனால், யார் வேண்டியவர், யார் புதியவர் என்று பிரித்துப் பார்க்கும் அறிவைச் சிறு வயதில்தான் ஊட்ட வேண்டும். அமெரிக்காவின் பார் ஹார்பர் நகர ஆய்வகத்தில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இருவர் பல ஆண்டுகள் குட்டிகளைக் கவனித்து, 1965-ல் நூலாக வெளியிட்டார்கள். மூன்றாம் வாரத்திலிருந்து சுமார் 12-ம் வாரம் வரை குட்டி எவற்றையெல்லாம் பார்த்துப் பழகுகிறதோ, அவற்றோடுதான் வாழ்நாள் முழுக்க இணக்கமாக இருக்கும் என்பது அவர்கள் கண்டது. 8-ம் வாரத்தில் வாங்கி வருபவருக்கு மிஞ்சியிருப்பது சுமார் ஒரு மாதம்தான். அந்த ஒரு மாதத்தைக் கொட்டகைத் தூணில் கட்டி வீணாக்கக் கூடாது. தடுப்பூசி முடியாததால் தெருவில் இறக்கிவிட முடியாது. ஆனால், கையில் தூக்கிக்கொண்டோ, கூண்டோடு வண்டியில் வைத்தோ மோட்டார் சத்தம், குடை, மழைக்கோட்டு, தாடி வைத்தவர், சைக்கிள், மாடு, பள்ளிப் பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் காட்டலாம்.

தடுப்பூசி... மறக்கக் கூடாத கணக்கு

குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் முதல் கூட்டுத் தடுப்பூசி. டிஸ்டம்பர், பார்வோ உள்ளிட்ட நோய்களுக்கானது. 3 முதல் 4 வார இடைவெளியில், 16 வாரம் வரை தொடர்ந்து போட வேண்டும். எலி அதிகமுள்ள தோட்டங்களில் எலிக்காய்ச்சல் தடுப்பூசியும் சேர்த்துப் போடுவது நல்லது. அது நாயிடமிருந்து மனிதருக்கும் பரவும் நோய். வெறிநோய்த் தடுப்பூசி 3 மாத வயதில். மருத்துவர் சொல்லும் நாளில் ஊக்க ஊசி, பிறகு ஆண்டுதோறும். குடற்புழு நீக்கம் 2 வார வயதிலேயே தொடங்கி, 3 மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில். வாங்கும்போதே விற்பவரிடம் தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்க வேண்டும்.

வாசகர் கேள்விகள்

எங்கள் நாய்க்கு 2 வயது. இதுவரை சங்கிலியில்தான் இருந்தது. இனிமேல் கூண்டு பழக்க முடியுமா?

முடியும். குட்டிக்கு மூன்று வாரம் என்றால் இதற்கு இரண்டு, மூன்று மாதம் ஆகலாம். நேராகக் கூண்டில் விடாமல், முதலில் கம்பி வேலி அடைப்பில் சங்கிலி இல்லாமல் இருக்கப் பழக்குங்கள். அடைப்புக்குள் கதவில்லாத கூண்டை வைத்து, சாப்பாட்டை அதற்குள் வையுங்கள். அது தானே உள்ளே போய்ப் படுக்கத் தொடங்கிய பிறகு கதவை மாட்டலாம். ஆள் கிட்டப் போனாலே கடிக்க வருகிறது என்றால், தனியாக முயலாமல் கால்நடை மருத்துவரின் ஆலோசனையோடு தொடங்குங்கள்.

குட்டி கூண்டுக்குள்ளேயே சிறுநீர் கழிக்கிறது. என்ன காரணம்?

நாலு காரணங்கள் இருக்கலாம். கூண்டு பெரிதாக இருக்கலாம். தடுப்புப் பலகையை முன்னால் நகர்த்துங்கள். அதிக நேரம் அடைத்திருக்கலாம்; நேரத்தைக் குறையுங்கள். பழைய வாசனை போகாமல் இருக்கலாம். சோப்புத் தண்ணீரில் கழுவி, வினிகர் கலந்த நீரால் துடைத்து, வெயிலில் காயவைத்த பிறகு குட்டியை விடுங்கள். பினாயில் ஊற்றிய ஈரத்தில் விடாதீர்கள், நக்கினால் ஆபத்து. இவை எதுவும் இல்லாமல், சொட்டுச் சொட்டாக அடிக்கடி கழிக்கிறது என்றால் சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்டுங்கள்.

விளையாடும்போது 2 மாதக் குட்டியின் பல் பட்டு என் மகள் கையில் கீறிவிட்டது. குட்டிதானே என்று விட்டுவிடலாமா?

விடக் கூடாது. வெறிநோய்க்குக் குட்டி, பெரியது என்ற கணக்கு இல்லை. ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ கூட்டிப்போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த் தூள் எதையும் காயத்தில் வைக்காதீர்கள். ஊசி தேவையா, எத்தனை தவணை என்பதை மருத்துவர் சொல்வார். சொன்ன தேதிகளில் ஒன்றைக்கூட விடக் கூடாது.

எத்தனை மாதம் வரை கூண்டில் படுக்க வைக்க வேண்டும்?

பொருள்களைக் கடிப்பதும், வீட்டுக்குள் அசிங்கம் செய்வதும் முழுதாக நின்ற பிறகு, பெரும்பாலும் ஒரு வயதுக்கும் ஒன்றரை வயதுக்கும் இடையில், கதவைச் சாத்த வேண்டிய தேவை குறைந்துவிடும். ஆனால், கூண்டை எடுத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். கதவைத் திறந்தே வைத்து, அதே மூலையில் விட்டுவையுங்கள். தீபாவளி வெடிச் சத்தத்தில், இடி மழையில், வீட்டில் விசேஷக் கூட்டத்தில் அது தானாகப் போய்ப் படுத்துக்கொள்ளும். மாதம் ஒருமுறையாவது பத்து நிமிஷம் கதவைச் சாத்தித் திறந்து வையுங்கள். மருந்தகத்துக்குக் கொண்டுபோக வேண்டிய நாளில் அந்தப் பழக்கம் கைகொடுக்கும்.